குவாய் நதிப் பாலம் எங்கே?

ஆற்றின் மேலே உயரமான மரப்பாலம். அதன் மேல் புகை கக்கிக்கொண்டு ரெயில் வருகிறது. 'டமார்!' பாலம் நொறுங்குகிறது. ரெயில் தலைகுப்புற ஆற்றில் விழுகிறது!

'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்கள் இந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். அது 1957இல் வெளிவந்த படம். டைரக்டர் டேவிட் லீன். அலெக் கின்னசும், வில்லியம் ஹோல்டனும் நடித்தார்கள். 7 ஆஸ்கார் பரிசுகள் அதற்குக் கிடைத்தன.

இரண்டாவது உலகப்போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஒரு ரெயில் பாலம் கட்டுகிறார்கள். அதைத் தகர்க்க ஒரு படை காட்டு வழியே வருகிறது. இதுதான் கதை.

கதை நடப்பது சயாமில். அதாவது, இன்றைய தாய்லாந்தில். ஆனால் படம் பிடித்ததோ, நமக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கையில்!

களனி ஆற்றங்கரையில்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்குப் போகும் சாலையில் போங்கள். சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் கித்துல்கல என்ற ஊர் வரும். இரு பக்கமும் பச்சை மலை. நடுவே சலசலவென்று ஓடுகிறது களனி ஆறு. அதுதான் படத்தில் வரும் 'குவாய் நதி'.

சாலையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனால் பாலத்தைக் காண முடியாது. அது வெடித்துத்தான் போயிற்றே! பாலத்தைத் தாங்கிய சிமெண்ட் அஸ்திவாரங்கள் மட்டும் கரையில் நிற்கின்றன. ரப்பர் படகில் ஏறி, பாறைகளுக்கு நடுவே துள்ளி விளையாட வருகிறவர்கள்தான் இன்று இந்த ஆற்றுக்கு அதிகம்.

அது அட்டைப் பாலம் அல்ல. நிஜ மரங்களை வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து, கட்டி முடித்த பாலம். நீளம் சுமார் 425 அடி.

1957 மார்ச் மாதம் வெடி வைக்க நாள் குறித்தார்கள். இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் பார்க்க வந்திருந்தார். ஆனால் காமிராக்காரர் ஒருவர் ஆபத்தான இடத்தை விட்டு இன்னும் விலகவில்லை. ஆகவே வெடியை நிறுத்திவிட்டார்கள். ரெயிலை நிறுத்த முடியவில்லை! அது பாலத்தைக் கடந்து, அக்கரையில் இருந்த மின்சார ஜெனரேட்டரில் போய் மோதியது. ரெயிலைச் செப்பனிட்டு, மறுநாள்தான் பாலத்தைத் தகர்த்தார்கள்.

இன்னும் இரண்டு இடங்கள்

கொழும்புக்குத் தெற்கே, கல்கிசையில் கடலோரமாக மவுண்ட் லவினியா ஓட்டல் இருக்கிறது. படத்தில் அதுதான் ராணுவ ஆஸ்பத்திரி.

கண்டிக்கு அருகே உள்ள பேராதனைப் பூங்கா, அதிரடிப் படையின் முகாமாக வருகிறது. இதில் ஒரு விசேஷம் உண்டு. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது போர்த் தலைமையகத்தை நிஜமாகவே இந்தப் பூங்காவில்தான் வைத்திருந்தார்!

உண்மைப் பாலம்

அப்படியானால் நிஜப் பாலம் எங்கே? தாய்லாந்தில், காஞ்சனபுரி என்ற ஊரில் இருக்கிறது. அது மரப்பாலம் அல்ல; இரும்புப் பாலம். ஜாவாவிலிருந்து கொண்டு வந்த வளைவுச் சட்டங்களால் ஆனது. போரில் குண்டு விழுந்து சேதமாயிற்று. பிறகு பழுது பார்த்தார்கள். இப்போதும் அதன் மேல் ரெயில் ஓடுகிறது.

அந்த இடத்தில் ஓடிய ஆற்றின் பெயர் மே குளோங். படத்தின் புகழால், 1960இல் அந்தப் பகுதிக்குக் 'குவே யாய்' என்று பெயர் மாற்றினார்கள். ஒரு சினிமா, ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது!

படத்தில் இல்லாதவர்கள்

ஆனால், படம் சொல்லாத கதை ஒன்று உண்டு. அது நம்மவர் கதை.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரெயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தார்கள். சுமார் 60,000 போர்க் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அவர்களைவிடப் பல மடங்கு அதிகம், ஆசியக் கூலித் தொழிலாளர்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் இவர்களில் பல ஆயிரம் பேர். நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். இலவச சினிமா என்று அறிவித்து, கூட்டம் சேர்ந்ததும் கதவைப் பூட்டி, ஆட்களை ரெயிலில் ஏற்றியதும் உண்டு என்று போர் வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

போன இடத்தில் மருந்து இல்லை. வயிறார உணவு இல்லை. காலராவும் மலேரியாவும் கொத்துக் கொத்தாகக் கொன்றன. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாத் தமிழர்கள் அதற்கு வைத்த பெயர், 'சயாம் மரண ரெயில்'.

காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தனிக் கல் உண்டு. நம் தொழிலாளர்களுக்கோ அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. பலரை ஒரே குழியில் புதைத்தார்கள். 2023இல்தான் அவர்கள் நினைவாக அந்த ஊரில் ஒரு நடுகல் எழுந்தது.

இலங்கைக்குப் போனால் கித்துல்கலவைப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பாலம் வெடித்த கதையைச் சொல்லுங்கள். கூடவே, தோட்டத்தை விட்டுப் போய்த் திரும்பி வராத அந்தத் தமிழர்களின் கதையையும் சொல்லுங்கள்.