கானமயிலைத் தேடி ஒரு பாலை

பிற்பகல் சாய்ந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து 'சம்' கிராமத்துக்குப் போகும் 40 கி.மீ. சாலையில் ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, சூரிய அஸ்தமனம், கூடாரத்தில் மாங்கணியார் பாட்டு, ராஜஸ்தானிச் சாப்பாடு. காலையில் எல்லோரும் நகரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரவு தங்கிய இடத்தையொட்டி ஒரு தேசியப் பூங்கா இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

அதில் வியப்பில்லை. ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கி.மீ. பரந்து கிடக்கும் பாலைவன தேசியப் பூங்காவில் காடு என்று சொல்ல மரங்களே அதிகமில்லை. மணல்மேடுகளும் ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் கல்தரை, உப்புப் பள்ளம், சேவண் புல்வெளி. சிங்காரா மானும் பாலைவன நரியும் கழுகுகளும் உண்டு. ஆனால் பூங்கா பிறந்ததற்கு முக்கியக் காரணம் உள்ளூரில் 'கோடாவண்' எனப்படும் கானமயில்.

ஜெய்சல்மேருக்குச் சுற்றுலா வந்ததே தற்செயல்தான். தேசப் பிரிவினையோடு பழைய வணிகப் பாதைகள் மூடிக்கொள்ள, ஊர் ஒடுங்கிப்போனது. 1965 போருக்குப் பிறகு எல்லைக் காவலுக்காகச் சாலையும் ரயிலும் வந்தன. 1974ல் வெளியான சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படம் இந்தக் கோட்டையை வங்காளிகளின் மனதில் பதித்தது. அவர்கள் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். பின்னர் ஒட்டகத்தில் பாலைவனம் சுற்றும் ஆசையோடு வெளிநாட்டினரும் வந்தார்கள்.

இன்னொரு வகை விருந்தாளிகளும் உண்டு. 1978-79 குளிர்காலத்தில் அரபு இளவரசர் ஒருவரின் பரிவாரம், ராஜாளிகளைக் கொண்டு ஹுபாரா பறவைகளை வேட்டையாட முகாமிட்டது. ராஜஸ்தானில் எதிர்ப்பு வெடித்தது, வேட்டை நின்றது. ஹுபாராவின் உறவான கானமயில் பக்கமும் கவனம் திரும்பியது. 1980ல் பூங்கா அறிவிப்பு வந்தது. 1981ல் கானமயில் ராஜஸ்தானின் மாநிலப் பறவையானது.

ஆனால் அறிவிப்பு பாதியில் நிற்கிறது. பெயர் தேசியப் பூங்கா. சட்டப்படி இது சரணாலயம்தான். எல்லைக்குள் பல கிராமங்கள். ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கும் அவர்களுக்குச் சாலை, மின்சாரம் என்று எது வேண்டுமானாலும் வனச் சட்டத்தின் அனுமதி தேவை. சுற்றுலாப் பணமோ பெரும்பாலும் மணல்மேட்டுக் கூடாரங்களோடு நின்றுவிடுகிறது. அந்த மக்களின் மேய்ச்சல் நிலத்தில்தான் பறவையும் இரை தேடுகிறது. அவர்கள் ஒத்துழைக்காமல் எந்த வேலியும் அதைக் காப்பாற்றாது.

வேட்டை போய் இப்போது மின்கம்பி. ஆண் கானமயில் 15 கிலோ வரை எடையுள்ளது. முன்னால் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது; கம்பியைக் கண்டாலும் சட்டென்று திரும்ப முடியாது. தார்ப் பகுதியில் மட்டும் ஆண்டுக்கு 18 பறவைகள் இப்படிச் சாகலாம் என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் கணித்தது. மொத்தம் எஞ்சியிருப்பவையே 150 அளவில்தான். கம்பிகளை நிலத்தடிக்குக் கொண்டுபோகச் சொன்ன 2021ம் ஆண்டு உத்தரவை, சூரிய மின்சாரத்தின் தேவையையும் கருதி உச்ச நீதிமன்றம் 2024ல் மாற்றி, நிபுணர் குழுவை அமைத்தது.

நம்பிக்கையும் உண்டு. 2019 முதல் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து 'சம்' மையத்தில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பிறந்தது. பெட்டை ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரு முட்டைதான் இடும் என்பதால் ஒவ்வொரு குஞ்சுமே கணக்கு.

பார்க்க விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போகலாம். அனுமதிச் சீட்டு வாங்கி, வேலியிட்ட சுதாசரிப் புல்வெளிக்கு விடியலிலேயே போய்ச் சேர வேண்டும். வண்டித் தடத்தை விட்டு இறங்காமல், பைனாகுலரோடு காத்திருக்க வேண்டும். கானமயில் கண்ணில் படாமலும் போகலாம். ஆனால் ஜீப்பை விரட்டிக்கொண்டு புல்வெளிக்குள் நுழைந்தால், அடுத்து வருகிறவருக்கும் அது கிடைக்காது.