சென்னையில் வீடு: ஏரியாவுக்கு முன் லைனைப் பாருங்கள்

சென்னையில் வேலை உறுதியானதும் சம்பளத்துக்கு முன்பே ஆலோசனைகள் வந்து சேரும். அத்தை மகன் மடிப்பாக்கத்தில் இருப்பதால் மடிப்பாக்கம்தான் நல்ல ஏரியா. கூடப் படித்தவன் போரூரில் இருப்பதால் போரூர். எப்போதோ அண்ணா நகரில் அறை எடுத்துத் தங்கிய மாமா, அதைத் தாண்டிய எதையும் சென்னை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வேலைக்குப் போய்வரும் பாதைக்கு அவரவர் ஏரியா பொருந்திவிட்டது, அவ்வளவுதான். உங்கள் அலுவலகம் எங்கே என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-ல் 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ. ஆனது. தாம்பரமும் ஆவடியும் பிறகு தனி மாநகராட்சிகளாயின. வேலைகளோ அந்த எல்லைகளையும் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சிறுசேரி என்று பரவிவிட்டன. ஒரகடத்துத் தொழிற்சாலையில் சேர்பவரும், தரமணி டைடல் பார்க்கில் சேர்பவரும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சேர்பவரும் ஊரில் "மெட்ராஸ்ல வேலை" என்று ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மூவரும் ஒரே தெருவில் வீடு பார்த்தால் இரண்டு பேர் வருந்துவார்கள்.

எந்த லைன்?

இந்த நகரத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோவோம். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் இருபது கிலோமீட்டருக்கு மேல். மின்சார ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். மேடவாக்கத்திலிருந்து கிண்டி ஏறக்குறைய அதில் பாதித் தூரம். காலை ஒன்பது மணிக்குப் பேருந்தில் கிளம்புபவர் அந்த ரயில்காரரை முந்துவார் என்று பந்தயம் கட்ட முடியாது.

ஆகவே வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியவை தண்டவாளங்கள். கடற்கரையிலிருந்து எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போவது ஒன்று. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் போவது இன்னொன்று. வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி. மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். இதில் திருவான்மியூர் நிலையத்தில் இறங்கினால் டைடல் பார்க் நடை தூரம். 2015-ல் தொடங்கிய மெட்ரோவில் விம்கோ நகர் முதல் விமான நிலையம் வரை ஒரு பாதை, சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை மற்றொன்று. இவற்றில் எது உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் போகிறதோ, அதே லைனில் வீடு தேடுங்கள். ஒரே வண்டியில் ஏறி, இறங்கி, நடந்துபோக முடிந்தால் முப்பது கிலோமீட்டரும் தாங்கும். ஒரு முறை வண்டி மாறுவதையும் பழகிக்கொள்ளலாம். ஷேர் ஆட்டோ, ரயில், மறுபடி பேருந்து என்றால் ஆறு மாதத்தில் வீடு மாறும் யோசனை வந்துவிடும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரர் பட்டரவாக்கத்தில் இறங்கலாம். எனவே வில்லிவாக்கம், கொரட்டூர், திருமுல்லைவாயல், ஆவடி எதுவும் அவருக்குச் சரிவரும். சிறுசேரிக்காரருக்கு இந்தப் பாக்கியம் இல்லை. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரையிலான சுமார் 20 கி.மீ. பழைய மகாபலிபுரம் சாலையை நம்பி நகரத்துக்குள் வீடு எடுத்தால், நாளின் சாறு முழுக்க அந்தச் சாலையிலேயே வடிந்துவிடும். நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் போவது நல்லது. கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டு அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பார்ப்பது அதைவிட நல்லது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இதே விதிதான்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. "பக்கத்திலேயே மெட்ரோ வருது சார்" என்று சொல்லி வாடகையை ஏற்றும் ஹவுஸ் ஓனர்கள் அந்த வழியெங்கும் இருக்கிறார்கள். ஓடுகிற மெட்ரோவுக்கு வாடகை கொடுக்கலாம். வரப்போகிற மெட்ரோவுக்கு எதற்கு? அது வரும்வரை உங்களுக்குக் கிடைப்பது தகரத் தடுப்பும் மாற்றுப்பாதையும் தூசியும்தான்.

வெளியே போகப் போக வாடகை குறையும் என்பது உண்மை. ஆனால் மிச்சம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வாடகை 15,000 ரூபாய், 25 கி.மீ. தள்ளி அதே அளவு வீடு 10,000 என்று வைத்துக்கொள்வோம். ரயில் இல்லாத திசை, பைக்கில்தான் போக வேண்டும். நாளுக்கு 50 கி.மீ., 22 வேலை நாளுக்கு 1,100 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டி, லிட்டர் நூறு ரூபாய் என்றால் பெட்ரோலுக்கே சுமார் 2,450 ரூபாய். சர்வீஸ், டயர் தனி. மிச்சமான 5,000-ல் பாதி போயிற்று. மீதிப் பாதிக்காகத் தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகச் சாலையில் இருந்தால் மாதத்துக்கு 33 மணி நேரம். அதே 25 கி.மீ. ரயில் பாதையில் இருந்தால் கணக்கே வேறு. ஒரு மாத சீசன் டிக்கெட்டுக்கு அந்த ஒரு வாரப் பெட்ரோல் காசுகூட ஆகாது. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும் பாதையையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து தென்மாவட்டப் பயணம் வண்டலூருக்கு அப்பால் தொடங்குகிறது. மாதம் இருமுறை மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போய்வருபவர், பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கம் வந்து சேர்வதற்குள்ளேயே களைத்துவிடுவார். குரோம்பேட்டை, தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் தென்மாவட்டத்துக்காரர்கள் விரும்பிக் குடியேறுவதில் காரணம் இருக்கிறது. ஆனால் தாம்பரத்தைத் தாண்டினால் மின்சார ரயில்களின் எண்ணிக்கை குறையும். ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் நேரம் போகும்.

வடசென்னை பற்றி ஒரு வார்த்தை. "அந்தப் பக்கம் வேணாம்" என்று முகத்தைச் சுளிப்பவர்களில் பாதிப் பேர் அங்கே கால் வைத்திருக்க மாட்டார்கள். மணலி, எண்ணூர்ப் பகுதியில் தொழிற்சாலைப் புகையும் கழிவும் நிஜமான பிரச்சினை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை நாடே பார்த்தது. அதற்காகப் பெரம்பூரையும் கொளத்தூரையும் சேர்த்து ஒதுக்குவது அறியாமை. சென்ட்ரல் பக்கம் வேலை என்றால் ரயில் வசதிக்கும் வாடகைக்கும் பெரம்பூரோடு போட்டியிடத் தெற்கில் அதிகம் இடங்கள் இல்லை.

நிற்கும் தண்ணீர், வராத தண்ணீர்

வெள்ளம் என்றதும் எல்லோரும் ஏரியாப் பெயர்களை ஒப்பிப்பார்கள். அதைவிட, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது உதவும். 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது, அடையாற்றங்கரை மூழ்கியது. முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் அந்த ஆற்றின் கணக்கில் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பல நாள் தண்ணீரில் கிடந்தன. இது சதுப்பு நிலத்தின் கணக்கு. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு, கட்டடங்களால் சுருங்கிப்போனது. ஒரு வெள்ளத்தில் தப்பிய தெரு அடுத்ததில் தப்பும் என்ற உறுதி இல்லை. 2015, 2023 இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

யாரிடம்? ஹவுஸ் ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. "நம்ம தெருவுல நிக்காது சார், அடுத்த தெருவுலதான்" என்பார்கள். அடுத்த தெருவிலும் இதையேதான் சொல்வார்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், கேன் தண்ணீர் போடும் பையன், மளிகைக் கடைக்காரர் ஆகியோருக்கு மறைக்க ஒன்றுமில்லை. வீட்டையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாலைமேல் சாலை போட்டு உயர்த்தியதில் வீடு தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா? மதில் சுவரின் அடியில் ஒரே உயரத்தில் கறை ஓடுகிறதா? தரைத்தளத்தின் சுவிட்ச் போர்டு விசித்திரமாக நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருக்கிறதா? மாடி வீடு என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். மோட்டாரும் சம்ப்பும் கீழேதான். சம்ப்பில் சாக்கடை கலந்தால் மூன்றாம் மாடியிலும் குளிக்க முடியாது.

ஆறு மாதம் கழித்துப் பிரச்சினை தலைகீழாகும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருப்பதால் நிலைமை இப்போது அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் குழாய் இல்லாத புறநகர்களிலும் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகளிலும் லாரித் தண்ணீரை நம்பியவர்கள் ஏராளம். அதற்கான பணம் மெயின்டனன்ஸ் என்ற பெயரில் உங்கள் தலையில்தான் விழும். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் உப்பா, மே மாதத்தில் மெயின்டனன்ஸ் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கரண்ட் பில்லும் இதைப் போலத்தான். தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் அந்தச் சலுகை உங்களை எட்டாது.

யாருக்கு வீடு?

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டை நீங்கள் தேர்ந்தெடுப்பது பற்றி. பல நேரங்களில் வீடுதான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறது. "ஃபேமிலி மட்டும்", "சைவம் மட்டும்" என்று டு-லெட் போர்டிலேயே எழுதியிருக்கும். மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், நங்கநல்லூர்த் தெருக்களில் நடந்தால் கண்ணில் படும். போர்டில் எழுதாததை "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வீடு திடீரென்று "ஏற்கெனவே பேசி முடிஞ்சிடுச்சு" ஆகிவிடும். சமையலறை வாசனை பற்றிய கவலை என்று இதற்கு மரியாதையான பெயர் சூட்டுவது வழக்கம். பச்சையாகச் சொன்னால் இது தீண்டாமையின் வாடகை வடிவம். முன்கூட்டியே போனில் நேராகக் கேட்டுவிட்டால் அலைச்சலாவது மிச்சமாகும்.

கல்யாணமாகாத ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறையாகக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. பெண்களுக்கு அரசின் 'தோழி' விடுதிகள் சில ஊர்களில் உள்ளன. சென்னைக்கு வருபவர்கள் தாம்பரம் விடுதியில் விசாரிக்கலாம். தனியார் விடுதியோ வீடோ, பெண்கள் பகலில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. நிலையத்திலிருந்து வாசல் வரையிலான கடைசி அரைக் கிலோமீட்டரை இரவு ஒன்பதரைக்கு ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். திறந்திருக்கும் ஒரு மருந்துக்கடை, பத்து தெருவிளக்குகளைவிடத் துணை.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் வாடகைக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த "ஒப்புக்கொள்ளாத வரை" என்ற சந்தில்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பேரம் பேசலாம், பேசுகிறார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் முளைக்கின்றன. வாடகையே இல்லாமல் பெருந்தொகை வாங்கிக்கொண்டு லீஸுக்கு வீடு தருவதாக யாராவது வந்தால், கையெழுத்துப் போடுபவர்தான் உண்மையான உரிமையாளரா என்று பத்திரத்தையும் சொத்துவரி ரசீதையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எப்போது தேடுவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. மே, ஜூனில் பள்ளி திறப்பை ஒட்டி ஊரே வீடு மாறும். அப்போது ஓனர் சொல்வதுதான் வாடகை. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச யாரும் முன்வர மாட்டார்கள், பூட்டிக் கிடக்கும் வீடுகள் பேரத்துக்கு இறங்கிவரும். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால் மார்கழியில் தேடுங்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், மதில் சுவர்க் கறைக்கு வெள்ளையடிக்க ஓனருக்கு நேரம் கிடைத்திருக்காது.