மகளின் கூந்தலும் ஓர் அமானிதம்

"வாப்பா, மெதுவா! நோகுது!"

காலை ஆறரை மணிக்கு நம் வீடுகளில் கேட்கும் குரல் இது. உம்மா அடுப்படியில் நிற்பார். பாடசாலை வேன் வந்துவிடும். மகளின் முடியை அவசரமாக இழுத்துக் கட்டி, மேலே வெள்ளைப் பர்தாவை அணிவித்து அனுப்பிவிடுகிறோம். "பர்தாவுக்குள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்.

முடி உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிறர் பார்க்கும் முடியை மட்டும் பேணும்படி அதில் சொல்லப்படவில்லை. மறைந்திருக்கும் முடிக்கும் உரிமை உண்டு.

யாழ்ப்பாணத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. நமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. முடி வறண்டு சிக்குப்படும். ஆகவே காலையில் அல்ல, முதல்நாள் பின்னேரமே தலையைக் கழுவி நன்றாக உலர விடுங்கள். ஈரத்தலைமேல் பர்தா அணிவித்தால் அரிப்பும் வாடையும் வரும். சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். சிக்குக்கு மேலே முடியைக் கையால் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது. பிறகு நடுவகிடு எடுத்து இரட்டைப் பின்னல் பின்னலாம். நாள்தோறும் இறுக்கிப் பின்னினால் நெற்றியோர முடி உதிரும்.

பேன் இருந்தால் பிள்ளையை ஏசாதீர்கள். அது அழுக்கினால் வருவதல்ல; தலையோடு தலை சேரும்போது தொற்றுவது. ஈர முடியைச் சில நாட்களுக்கு ஒருமுறை பேன் சீப்பால் வாருங்கள். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், இரண்டு வாரமாவது இதைத் தொடர வேண்டும்.

அலங்காரத்திலும் எல்லை உண்டு. தலையில் ஒரு பகுதியை மழித்து மறுபகுதியை விடுவதையும், சவுரி முடி வைத்துப் பின்னுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நூல், ரிப்பன் கட்டுவதை அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர்.

தலைவாரும் வேலை உம்மாவுக்கு மட்டுமா? என் மனைவி சுகயீனமுற்றிருந்த ஒரு மாதத்தில்தான் நான் பின்னல் பழகினேன். முதல்நாள் பின்னல் கோணலாகவே வந்தது. மகள் சிரித்தாள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவள் சொன்ன பாடசாலைக் கதைகளை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அப்போது என் தங்கை நினைவுக்கு வந்தாள். 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது அவளுக்கு ஏழு வயது. புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் குடிக்கவே தண்ணீர் போதவில்லை. தலை முழுக்கப் பேன். ஒருநாள் உம்மா அந்த நீண்ட பின்னலை வெட்டினார். வெட்டிய பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அன்று தண்ணீர் இல்லை. இன்று தண்ணீர் இருக்கிறது. நேரம் இல்லை என்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் மகள் ஸைனப் (ரழி) மறைந்தபோது, குளிப்பாட்டிய பெண்கள் அவரது கூந்தலை வாரி மூன்று பின்னல்களாகப் பின்னியதை உம்மு அதிய்யா (ரழி) அறிவிக்கிறார்கள். மரணத்திலும் கண்ணியப்படுத்தப்பட்டது ஒரு மகளின் கூந்தல். உயிரோடு நம் மடியில் இருக்கும் மகளுக்குப் பத்து நிமிடம் கொடுக்க முடியாதா?

நம் பெண்மக்களிடம் மென்மையாக நடந்துகொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.