டீஃப்ராஸ்ட் பட்டனுக்குப் பின்னால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருந்தாளிகள் வரும் அவசரத்தில், ஃப்ரீஸரில் கல்லாகக் கிடந்த ஒரு கிலோ கோழிக்கறியைப் பையோடு மைக்ரோவேவில் வைத்து முழு பவரில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டேன். வெளியே எடுத்தபோது ஓரத்துண்டுகள் வெந்து வெளுத்துச் சுருண்டிருந்தன. நடுவில் விரல் வைத்தால் பனி. பை ஓரிடத்தில் இளகிக் கறியோடு ஒட்டியிருந்தது. மிச்சம் தானாக உருகட்டும் என்று அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டேன். மதியம் வரை அது அங்கேயே கிடந்தது. நான் செய்ததில் மிக ஆபத்தானது அதுதான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நுண்ணலைகளைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். பனிக்கட்டி மிகக் குறைவாகவே உறிஞ்சும். உறைந்த கறியில் முதலில் உருகும் இடம் தண்ணீராகிறது. அந்த இடமே மேலும் மேலும் சூட்டை இழுத்து வேகத் தொடங்கும்போது, பக்கத்திலிருக்கும் பனி அசையாமல் இருக்கும். அலைகள் உணவுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு வெளியிலிருந்து சூடு மெல்லப் பரவித்தான் ஆகவேண்டும். அதற்கான அவகாசத்தைத்தான் டீஃப்ராஸ்ட் பட்டன் தருகிறது. பெரும்பாலான மெஷின்களில் அது அலையைச் சில விநாடி விட்டு, சில விநாடி நிறுத்தி, சுமார் 30 சதவீத பவரில் ஓடும். இடையில் சத்தம் அடங்கினால் மெஷின் பழுது என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே, கறியைப் பையிலிருந்து எடுத்து, மைக்ரோவேவுக்கு ஏற்ற பாத்திரத்தில் வையுங்கள். எடையைச் சரியாகக் கொடுங்கள். பாதியில் நிறுத்தித் திருப்பிப் போடுங்கள்; இளகிய துண்டுகளைப் பிரித்து எடுத்துவிட்டு மற்றதை மட்டும் ஓட்டுங்கள். உருகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மைக்ரோவேவில் உருகிய கறியின் ஓரங்கள் ஏற்கெனவே அந்தச் சூட்டுக்கு வந்திருக்கும். சாயங்காலம்தான் சமைக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் இரவே கறியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால்தான் வெந்ததாகக் கணக்கு.

பழைய குழம்பைச் சூடாக்கும்போதும் இதே சீரற்ற சூடுதான். நடுவில் ஒருமுறை கிளறுங்கள், முடிந்ததும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். கைக்குழந்தையின் பால் புட்டியை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் வாயைச் சுடும் சூடு இருக்கும். முழு முட்டை வெடிக்கும். ஜரிகைபோல் தங்கக்கோடு போட்ட தட்டு தீப்பொறி விடும். வழவழப்பான கோப்பையில் வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால், கொதிக்காததுபோல் இருந்துவிட்டு, ஸ்பூன் பட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். 800 வாட் சமையல் பவர் தரும் மெஷின் சுவரிலிருந்து அதைவிடக் கணிசமாக அதிகம் இழுக்கும். எர்த் உள்ள பெரிய 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். கதவு சரியாகப் பொருந்தாவிட்டால், கீல் தளர்ந்தால், உள்ளே நெருப்புப் பொறி பறந்தால், அன்றோடு நிறுத்திவிடுங்கள். வெளிமூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். உயிரையே பறிக்கக்கூடியது அது.

இனி உரிமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவு, தயாரிப்பில் குறை இருந்தால் மட்டும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கவில்லை. தீங்கைத் தவிர்க்கப் போதுமான பயன்பாட்டுக் குறிப்போ, தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையோ இல்லாவிட்டாலும் அவர் பதில் சொல்ல வேண்டும். ‘மேனுவலில் எல்லாம் இருக்கிறது’ என்று கடைக்காரர் சொன்னால், எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். அதே சட்டம் நம்மையும் கட்டுகிறது. தவறாகப் பயன்படுத்திய அல்லது மாற்றியமைத்த பொருளுக்காக விற்பனையாளரிடம் பொறுப்பு கோர முடியாது. தெரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துவிட்டால் உங்கள் வழக்கும் பலவீனமாகும்.

வாங்கும்போதே மெஷினின் பின்புறத்தைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையோடு R- என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால், அதை அந்த அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். பில், வாரண்டி கார்டு, மேனுவல் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

பழுதானால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘சார், ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க’ என்று சர்வீஸ் ஆள் சொன்னால், அதையே ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். என் வீட்டுக்கு வந்தவர், நான் அப்படிக் கேட்டதும், மெஷினின் கதவை மாற்ற ஒப்புக்கொண்டார். தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதுவும் பலிக்கவில்லையா, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. குறையைக் கண்டறிய ஆய்வகப் பரிசோதனை தேவை என்று ஆணையம் கருதினால், மெஷினை அங்கே அனுப்பும். அதனால் வழக்கு முடியும்வரை அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.