நினைவு தப்பும் முன்னே வழி தப்பும்... அல்சைமரைக் காட்டிக்கொடுக்கும் விர்ச்சுவல் நடை!

இரவு நேரம். திடீரென்று கரன்ட் போய்விடுகிறது. போன் எங்கேயோ சார்ஜில் கிடக்கிறது. கட்டிலைவிட்டு எழுந்து நாலு எட்டு நேராக நடக்கிறீர்கள். இடதுபக்கம் திரும்பி இன்னும் ஆறு எட்டு. கை நீட்டினால் தண்ணீர்ப் பானை. ஒரு வாய் குடித்துவிட்டு, அதே இருட்டில் கட்டிலுக்கே திரும்பி வந்து படுத்துவிடுகிறீர்கள்.

எதையும் கண்ணால் பார்க்கவில்லை. பிறகு எப்படி வழி தெரிந்தது?

எத்தனை எட்டு வைத்தோம், எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்று நம் மூளை சத்தமில்லாமல் கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கைவைப்பது இந்தக் கணக்கில்தான். அதைக் கண்டுபிடிக்க, பிள்ளைகள் கேம் விளையாடும் வி.ஆர் ஹெட்செட்டைக் கையில் எடுத்திருக்கிறார்கள் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள்.

மூளைக்குள் ஒரு மேப்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்களில் அதிகம் பேரைப் பாதிப்பது அல்சைமர். ‘சாப்பிட்டதை மறந்துவிட்டார், பேரன் பெயரை மறந்துவிட்டார்’ என்பதைத்தான் நாம் அதன் அடையாளமாக நினைக்கிறோம். ஆனால், பழகிய இடத்திலேயே தடுமாறுவதும் முக்கியமான ஆரம்ப அறிகுறி.

காரணம், மூளையில் ‘என்டோரைனல் கார்டெக்ஸ்’ என்கிற சின்னப் பகுதி. இங்கேதான் நாம் நடக்க நடக்க இடத்தை அளந்து சொல்லும் ‘கிரிட் செல்கள்’ இருக்கின்றன. மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதி 2005-ல் எலிகளின் மூளையில் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். ‘நான் இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று சொல்லும் வேறு வகை செல்களை, பக்கத்துப் பகுதியான ஹிப்போகேம்பஸில் ஜான் ஓ’கீஃப் 1971-லேயே கண்டறிந்திருந்தார். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அல்சைமரில் முதலில் சேதமாகும் பகுதிகளில் ஒன்று இந்த என்டோரைனல் கார்டெக்ஸ். அப்படியென்றால், நினைவாற்றலைச் சோதிப்பதற்குப் பதிலாக நடையையே சோதித்தால் என்ன?

ஏன் வி.ஆர்?

வழக்கமான சோதனையில், சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள். உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும். வழி கண்டுபிடிக்கும் திறன் இதில் சரியாகத் தெரியாது.

நிஜத் தெருவில் நடக்கவிட்டாலும் சிக்கல்தான். டீக்கடை, கோயில், மெடிக்கல் ஷாப் போர்டு என ஏதாவது ஓர் அடையாளம் காப்பாற்றிவிடும். வயதானவரை இருட்டில் நடக்கவிடவும் முடியாது. வி.ஆரில் கால் நிஜமாக நடக்கும். கண்ணுக்குத் தெரியும் உலகம் மட்டும் கம்ப்யூட்டரின் கையில். அடையாளங்களை நினைத்த நொடியில் மறைத்துவிடலாம்.

கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். ஹெட்செட் அணிந்தவருக்கு முன்னால் ஒரு கூம்பு தெரியும், சாலையில் போலீஸார் வைப்பார்களே, அதுபோல. அதை நோக்கி நடந்தால் அது மறைந்து, வேறு திசையில் இரண்டாவது கூம்பு தெரியும். பிறகு மூன்றாவது. கடைசியாக ஒரே ஒரு கேள்வி. “முதல் கூம்பு எங்கே இருந்தது? அங்கே போய் நில்லுங்கள்.”

சில சுற்றுகளில் தரையின் கோடுகளை அழித்துவிடுவார்கள். சில சுற்றுகளில் சுற்றிலும் தெரியும் அடையாளங்களை மறைத்துவிடுவார்கள். அப்போது உதவிக்கு இருப்பது அந்த எட்டுக் கணக்கு மட்டுமே.

லேசான மறதிப் பிரச்னை உள்ள 45 பேரும், ஆரோக்கியமான 41 பேரும் இதில் பங்கேற்றார்கள். மறதிப் பிரச்னை இருந்தவர்கள் முதல் கூம்பின் இடத்தைவிட்டு அதிகம் விலகி நின்றார்கள். அவர்களிலும் முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனையில் அல்சைமரின் அடையாளம் தெரிந்த 12 பேர்தான் அதிகமாகத் தவறினார்கள். இரு தரப்பையும் பிரித்துக் காட்டியதில், வழக்கமான சோதனைகளைவிட இந்த நடைச் சோதனை சிறப்பாக இருந்தது. 2019-ல் ‘பிரெய்ன்’ மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

தப்பு நடக்கும் இடம் திருப்பம்!

சரி, எட்டுக் கணக்கில் எது தவறுகிறது? தூரமா, திருப்பமா? 2023-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இதற்குப் பதில் தேடினார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள் 31 பேர், ஆரோக்கியமான முதியவர்கள் 36 பேர், லேசான மறதிப் பிரச்னை உள்ளவர்கள் 43 பேர் என மூன்று தரப்பையும் ஒப்பிட்டார்கள்.

ஆரம்பக்கட்ட அல்சைமர் உள்ளவர்கள், தாங்கள் திரும்பிய அளவை உண்மையில் திரும்பியதைவிடக் கூடுதலாகக் கணக்கிட்டார்கள். வயதாவதால் மட்டும் இந்தத் தவறு வருவதில்லை என்பது முக்கியம். ஆரோக்கியமான முதியவர்களிடம் அது இல்லை. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று நாம் ஒதுக்கிவிடுகிற விஷயத்துக்குள் ஒரு நோயின் தனி முத்திரை இருந்திருக்கிறது.

2024-ல் வெளியான இன்னோர் ஆய்வில், 43 முதல் 66 வயது வரையிலான 100 பேரை இதேபோல் நடக்கவைத்தார்கள். யாருக்கும் எந்த அறிகுறியும் இல்லை. ஆனாலும், பரம்பரை உள்ளிட்ட காரணங்களால் அல்சைமர் வரும் அபாயம் அதிகம் உள்ளவர்களிடம் இந்தத் திறன் குறைந்திருந்தது. மற்ற நினைவாற்றல் சோதனைகளில் அவர்களிடம் குறை தெரியவில்லை.

நம் வீட்டுக்கு என்ன பயன்?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வி.ஆர் சோதனை இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வில் அல்சைமர் அடையாளம் உறுதியானவர்கள் 12 பேர் மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. நாளையே பக்கத்து கிளினிக்கில் ஹெட்செட்டை மாட்டிவிடப்போவதில்லை.

ஆனால், இந்த ஆய்வுகள் சொல்லும் பாடத்துக்கு ஹெட்செட் தேவையில்லை. வழி தப்புவதையும் மறதியைப் போலவே கவனிக்க வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே வழி தெரியாமல் தடுமாறுகிறவர்கள் பயப்பட வேண்டாம். அது அவரவர் சுபாவம். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த இடத்துக்கு இப்போது தயங்குகிறாரா? உறவினர் வீட்டில் பாத்ரூம் போய்விட்டு, வந்த அறையைத் தேடுகிறாரா? தனியாக வெளியே போவதையே ஏதோ சாக்குச் சொல்லித் தவிர்க்கிறாரா? ஒன்றுக்கு இரண்டு முறை நடந்தால், தேதி போட்டுக் குறித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பாருங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள்கூடக் குழப்பத்தை உண்டாக்கலாம். இவை சரிசெய்யக்கூடியவை. அல்சைமராகவே இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் சிகிச்சையையும் பாதுகாப்பையும் திட்டமிட அவகாசம் கிடைக்கும். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய அட்டை, போனில் லொகேஷன் ஷேரிங் போன்றவற்றை இப்போதே செய்துவைக்கலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

பால் வாங்கப் போன தாத்தா தாமதமாக வந்து, “ரோட்டையே மாத்திப் போட்டுட்டாங்கப்பா” என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். எந்தத் திருப்பத்தில் குழம்பியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதை அவரிடம் சொல்லுங்கள்.