ரமலான் மாதக் கொடைமரபில் ஈகையும் கடப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

இஸ்லாமிய நாட்காட்டியின் ஒன்பதாம் மாதமாகிய ரமலானில் வழங்கப்பெறும் கொடைகளுள் ஜகாத், ஃபித்ரா, சதக்கா என்னும் மூன்றும் முதன்மையானவை. தமிழில் இவை ஈகை, தருமம், தானம் ஆகிய சொற்களால் பெரும்பாலும் வேறுபாடின்றிச் சுட்டப்பெறுகின்றன. இதனால், கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்த கொடைக்கும் பெறுபவரின் உரிமையாக அமைந்த கொடைக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிடுகிறது. தொல்காப்பியம், திருக்குறள் ஆகியவற்றின் கொடைச்சொற்களோடு ஒப்பிட்டு, ஜகாத் என்னும் கருத்தாக்கம் ஈகையைக் காட்டிலும் ஒப்புரவுக்கே நெருக்கமானது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கருச்சொற்கள்: ரமலான், ஜகாத், ஃபித்ரா, சதக்கா, ஈகை, ஒப்புரவு, கடப்பாடு.

முன்னுரை

ரமலான் நோன்பின் நிறைவில் கொண்டாடப்பெறும் பெருநாளுக்கு அரபியில் ஈதுல் ஃபித்ர் என்று பெயர். நோன்பு துறக்கும் பெருநாள் என்பது இத்தொடரின் நேர்பொருள். தமிழ் முஸ்லிம்களின் பேச்சுவழக்கில் வழங்கும் ‘நோன்புப் பெருநாள்’ என்னும் பெயர் இப்பொருளை ஒட்டியது. எழுத்துவழக்கிலும் மேடைவழக்கிலும் நிலைபெற்றுள்ள ‘ஈகைத் திருநாள்’ என்னும் பெயரோ, நோன்பை விடுத்துக் கொடையை முன்னிறுத்துகிறது. பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்கு உணவு வழங்குதல் கடமையாக்கப்பட்டிருப்பதால் இப்பெயர் பொருத்தமுடையதே. எனினும், ‘ஈகை’ என்னும் சொல் தமிழ்மரபில் தனக்கெனச் சுமந்துவரும் பொருள், ரமலான் கொடையின் முழு இயல்பையும் உணர்த்துகிறதா என்பது ஆய்வுக்குரியது.

மூவகைக் கொடை

ஜகாத் இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்று. தூய்மை, வளர்ச்சி என்னும் பொருள்களைத் தரும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல் இது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஒருவரிடம் ஒரு சந்திர ஆண்டு நிலைத்திருக்குமானால், அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 2.5 விழுக்காடு, கொடுக்கப்பட வேண்டும். பொன்னுக்கு அந்த அடிப்படை அளவு 20 மிஸ்கால். இன்றைய அளவில் ஏறத்தாழ 85 கிராம், பவுன் கணக்கில் பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல். வெள்ளிக்கு 200 திர்ஹம், ஏறத்தாழ 595 கிராம். மழையால் விளைந்த பயிரில் பத்தில் ஒரு பங்கும், நீர் இறைத்து விளைவித்த பயிரில் இருபதில் ஒரு பங்கும் உரியன. உழைப்பும் செலவும் மிகும்போது கடமையின் அளவு குறைகிறது என்பது இங்குக் கருதத்தக்கது. ஜகாத் ரமலானுக்கே உரியதன்று. ஆண்டு நிறைவுறும் நாளே அதற்குரிய நாள். நன்மைகள் பன்மடங்காகும் மாதம் என்னும் நம்பிக்கையால் பலர் ரமலானையே தம் கணக்காண்டின் எல்லையாகக் கொள்கின்றனர்.

ஃபித்ரா ரமலானோடு நேரடியாகப் பிணைந்தது. இது செல்வத்தின்மீதன்றித் தலைக்கு இவ்வளவு என விதிக்கப்பட்டது. குடும்பத்தின் ஒவ்வோர் உறுப்பினருக்காகவும், கைக்குழந்தை உட்பட, ஒரு ஸாஉ அளவு உணவுப்பொருள் வழங்கப்பட வேண்டும். ஸாஉ என்பது நான்கு முத்து கொண்ட முகத்தலளவை. இன்றைய எடையில் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை கணக்கிடப்படுகிறது. அறுவர் கொண்ட குடும்பம் குறைந்தது 15 கிலோ அரிசி அளிக்க வேண்டிவரும். ஷாஃபிஈ சட்டப்பள்ளியினர் அவ்வூரின் முதன்மை உணவையே வழங்க வேண்டும் என்பர். ஹனஃபி சட்டப்பள்ளியினர் அதன் விலையைப் பணமாகவும் அளிக்கலாம் என்பர். தமிழகக் கடற்கரை ஊர்களில் முன்னதும் உள்நாட்டு ஊர்களில் பின்னதும் பெரும்பான்மை. பெருநாள் தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது ஃபித்ராவாகாது, பொதுக்கொடையாகவே கொள்ளப்படும் என்பது நபிமொழி வழிவந்த கருத்து.

சதக்கா அளவும் காலமும் வரையறுக்கப்படாத விருப்பக்கொடை. நோன்பு துறப்பவர்க்கு உணவளித்தல் இவ்வகையின்பாற்படும். தமிழகப் பள்ளிவாசல்களில் மாலைதோறும் காய்ச்சி, சமய வேறுபாடின்றி அக்கம்பக்கத்தாருக்கும் வழங்கப்பெறும் நோன்புக்கஞ்சி இதன் வட்டார வடிவம் எனலாம்.

ஈகை என்னும் சொல்லின் எல்லை

ஈ, தா, கொடு ஆகிய மூன்றையும் இரத்தற்பொருளில் வரும் சொற்களாகத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் எச்சவியலில் குறிப்பிடுகிறது. அவற்றுள் ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல். ‘தா’ ஒத்தோன் கூற்று. ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று. ‘ஈகை’ இவற்றுள் முதற்சொல்லின் அடியாகப் பிறந்தது. எனவே, கேட்பவனின் தாழ்வும் கொடுப்பவனின் உயர்வும் இச்சொல்லின் பிறப்பிலேயே அமைந்துள்ளன. திருக்குறளின் ஈகை அதிகாரத்திற்கு உரைகண்ட பரிமேலழகரும், வறியராய் வந்து ஏற்றவர்க்கு மறுக்காமல் கொடுத்தலையே ஈகையாக விளக்குகிறார். ஏற்றல் நிகழ்ந்த பின்னரே ஈகை நிகழ்கிறது.

வள்ளுவர் இந்நிலையின் துயரை அறியாதவர் அல்லர். இல்லை என்னும் சொல் பிறக்கும் முன்னரே கொடுத்தலைச் சிறப்பித்துக் கூறுவதாக 223ஆம் குறளுக்கு உரைகொள்வாரும் உளர். இரந்தவரின் இன்முகம் காணுமளவும் இரக்கப்படுதலும் துன்பமே என்கிறது அடுத்த குறள். ஆயினும் இவ்வதிகாரம் முழுவதும் கொடுப்பவரின் பண்பையும் இன்பத்தையுமே மையமாகக் கொண்டு இயங்குகிறது. பெறுபவருக்கு உரிமை உண்டு என்னும் கருத்து இங்கு இடம்பெறவில்லை.

உரிமையாகும் கொடை

திருக்குர்ஆன் 51:19, 70:24-25 ஆகிய வசனங்கள் செல்வரின் பொருளில் கேட்போருக்கும் கேட்க இயலாதோருக்கும் உரிமை உண்டு என அறிவிக்கின்றன. 9:60 ஜகாத் பெறத்தக்க எண்வகையினரை வரையறுக்கிறது. வறியோர், தேவையுடையோர், ஜகாத்தைத் திரட்டும் பணியாளர், உள்ளம் இணக்கப்பட வேண்டியோர், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்படுவோர், கடனாளிகள், இறைவழியில் உள்ளோர், வழிப்போக்கர் என்போர் அவ்வெண்மர். கொடுப்பவர் தம் விருப்பப்படி இப்பட்டியலை மாற்ற இயலாது. பெற்றோர்க்கோ பிள்ளைகளுக்கோ ஜகாத் கொடுத்தல் பொதுவாகச் செல்லாது; அவர்களைப் பேணுதல் வேறொரு கடமையாக முன்னரே உள்ளது. தன்மானத்தால் இரவாதிருப்போரை அறியாதார் செல்வர் எனக் கருதுவர் என 2:273 சுட்டுகிறது. ஆகவே, தேடிச்சென்று கண்டறிதல் கொடுப்பவரின் பொறுப்பாகிறது.

ஃபித்ரா இவ்வுரிமைக் கருத்தை மேலும் ஒரு படி நகர்த்துகிறது. பெருநாளின் பகலுக்கும் இரவுக்கும் தேவையான உணவுக்கு மேல் சிறிது மிச்சம் உடையவர் எவரும் ஃபித்ரா கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. இதன்படி, வறியவர் ஒருவரே ஃபித்ராவைப் பெறுபவராகவும் கொடுப்பவராகவும் அமையலாம். ஈவோர், ஏற்போர் என்னும் நிலையான பிரிவு அந்த ஒரு நாளில் நெகிழ்ந்துவிடுகிறது.

ஒப்புரவோடு உறவு

ஜகாத்துக்கு இணையான கருத்தைத் தமிழ்மரபில் தேடின், ஈகைக்கு முன் வைக்கப்பட்ட ஒப்புரவறிதல் அதிகாரமே அணிமையில் நிற்கிறது. 211ஆம் குறளில் ‘கடப்பாடு’, 218இல் ‘கடன்’ என்னும் சொற்கள் ஆளப்பட்டுள்ளன. ஈகை அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் இச்சொற்கள் இல்லை. முயன்று ஈட்டிய பொருள் முழுவதும் தக்கார்க்கு உதவுதற்கே என்னும் 212ஆம் குறளின் கருத்தும், செல்வத்தில் பிறர்க்குப் பங்குண்டு என்னும் கருத்துக்கு நெருங்கியதே.

எனினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஒப்புரவு நூல்களால் விதிக்கப்படாமல் தாமே அறிந்து செய்யப்படும் உலகநடை என்பது பரிமேலழகர் விளக்கம். ஜகாத்தோ அளவு, காலம், பெறுநர் ஆகிய மூன்றும் விதிக்கப்பட்டது. ஒப்புரவு அறிவின்பாற்பட்ட கடன் எனில், ஜகாத் கணக்கின்பாற்பட்ட கடன் எனலாம்.

இவ்வொப்பீடு வள்ளன்மை மரபைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தோடு இணைத்துப் பேசப்பெறும் கீழக்கரைச் சீதக்காதி, செத்தும் கொடுத்தவர் எனப் பழமொழியில் நிலைபெற்றவர். அப்பழமொழி போற்றுவது விதியின் எல்லையைக் கடந்த வள்ளன்மை. அது சதக்காவின் உயர்நிலை. ஜகாத் கொடுத்தவரை எப்பழமொழியும் புகழ வேண்டியதில்லை, கடனைத் திருப்பிச் செலுத்தியவரை யாரும் வள்ளல் என்பதில்லை ஆதலின்.

சொல்லும் நடைமுறையும்

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. இந்தோனேசியாவின் பாசுருவானில் 2008ஆம் ஆண்டு ரமலானில், செல்வக் குடும்பம் ஒன்று தன் இல்லத்தில் ஜகாத் பணம் வழங்கியபோது நெரிசலில் 21 பெண்கள் உயிரிழந்தனர். ஏமனின் தலைநகர் சனாவில் 2023 ஏப்ரலில், ரமலானின் இறுதி நாட்களில் வணிகர் அளித்த உதவித்தொகையைப் பெறத் திரண்ட கூட்டத்தில் 70க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். இத்தகைய நேர்வுகளில் கொடுப்பவரின் வாயிலில் பெறுபவர் காத்து நிற்கிறார். உரிமையாக விதிக்கப்பட்டது இரத்தலின் வடிவத்தை மேற்கொண்டுவிடுகிறது. பைத்துல்மால் போன்ற பொதுநிதி அமைப்புகளின் வழித் திரட்டி, உரியோரின் இல்லம் தேடிச் சேர்ப்பித்தல் உரிமை என்னும் கருத்தோடு இயைந்த முறையாகும்.

முடிவுரை

ரமலான் கொடையின் மூவகையுள் சதக்காவை ஈகை என்னும் சொல் நிறைவாக உணர்த்துகிறது, ஃபித்ராவை ஓரளவே உணர்த்துகிறது, ஜகாத்தை உணர்த்தவில்லை. ஈகை கேட்பவரை முன்னிட்டுப் பிறப்பது. ஜகாத் கேட்கப்படாமலேயே கடனாவது. ஆதலின், ஜகாத், ஃபித்ரா ஆகிய அரபுச்சொற்களைத் தமிழ் முஸ்லிம்கள் தம் வழக்கில் பெயர்க்காமல் காத்துவருவதைத் தமிழின் சொல்வளக் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அச்சொற்கள் தமிழில் ஒரு கருத்து வேறுபாட்டைக் காத்து நிற்கின்றன. மொழிபெயர்ப்போர் விளக்கம் தர நேரும்போது, தருமம், தானம் என்பவற்றினும் ‘கடப்பாடு’ என்னும் குறட்சொல்லை மேற்கொள்வது, பெறுபவரின் மதிப்பைக் குறைக்காத விளக்கமாக அமையும்.