சொந்த வண்டி, வாடகைச் சுவர்

எங்கள் தெருமுனைக் கடைக்குச் சரக்கு இறக்க வாரம் இரண்டு தடவை ஒரு குட்டியானை வரும். ஓட்டுநர் பக்கக் கதவில் ஏஜென்சியின் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் இருக்கும். கிட்டப் போனால்தான் படிக்கலாம். பின்னால் உள்ள பெட்டியிலோ மூன்று பக்கமும் டீத்தூள் விளம்பரம்: ஆவி பறக்கும் கண்ணாடி டம்ளர், மலைச்சரிவுத் தோட்டம், பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். ஸ்டிக்கர் செலவு முழுக்கக் கம்பெனியுடையதாம். “எஃப்.சி. காட்டப் போறப்பதான் சார் வயித்தக் கலக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் இது என்னன்னு கேட்டா, எங்க சரக்குன்னு சொல்றதா, விளம்பரம்னு சொல்றதா?” என்றார் ஓட்டுநர்.

நியாயமான சந்தேகம். வண்டியில் வருவது அதே டீத்தூள்தான். ஆனால் வண்டி ஏஜென்சிக்காரருடையது, படம் கம்பெனியுடையது. ஞாயிற்றுக்கிழமை இதே வண்டி யாருக்கோ வீடு மாற்றக் கட்டிலும் பீரோவும் ஏற்றிப் போகிறது. அப்போது அந்த டம்ளருக்கு என்ன பெயர்?

இதே கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது ஒரு பார்சல் கம்பெனி. ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி என்று பெயர். நாடு முழுக்கப் பார்சல் கொண்டு சேர்த்த அந்த நிறுவனத்துக்கு நியூயார்க் நகரில் மட்டும் சுமார் 1,900 லாரிகள் இருந்தன. காலையிலிருந்து இரவுவரை தெருத்தெருவாக ஓடும் வண்டிகள். அவற்றின் வெளிப்பக்கத்தை மற்ற கம்பெனிகளுக்கு விளம்பர இடமாக விற்றார்கள். எப்படியும் ஓடத்தான் போகிறது லாரி. சும்மா கிடக்கும் பலகைக்கு வாடகை வந்தால் கசக்குமா?

நகரப் போலீஸ் ஆணையரின் போக்குவரத்து விதிகளில் 124-வது பிரிவு குறுக்கே நின்றது. விளம்பர வண்டி எதையும் தெருவில் ஓட்டக் கூடாது. ஆனால் சரக்கு கொண்டு போகும் தொழில் வண்டியில் அந்தத் தொழிலின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். வண்டி உரிமையாளரின் வழக்கமான வேலையில் ஓட வேண்டும், விளம்பரத்துக்காக மட்டுமோ பெரும்பாலும் அதற்காகவோ ஓடக் கூடாது. சோப்புக் கம்பெனி தன் லாரியில் தன் சோப்பைப் படம் போட்டால் சரி, அதே படம் அதே அளவில் பார்சல் லாரியில் இருந்தால் குற்றம். மாஜிஸ்திரேட் அபராதம் போட்டார். கம்பெனி விடவில்லை.

கம்பெனி கேட்டதில் நியாயம் இருந்ததை யாரும் மறுக்க முடியாது. விளம்பரம் ஓட்டுநர்களின் கவனத்தைக் கலைக்கிறது, அதனால் விபத்து என்பதுதான் நகரத்தின் வாதம். படத்துக்குப் பணம் கொடுத்தது யார் என்று பார்த்தா எதிரே வருகிறவரின் கண் திரும்புகிறது? டைம்ஸ் சதுக்கத்தில் அந்த நாளில் இருந்ததைப் பாருங்கள். 1941 முதல் அங்கே ஒரு கேமல் சிகரெட் பலகை நின்றது. அதிலிருந்த மனிதனின் வாயிலிருந்து நான்கு விநாடிக்கொரு முறை வளையம் வளையமாகப் புகை கிளம்பும். நிஜப் புகை இல்லை, நீராவி. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு எத்தனை பேர் வண்டி ஓட்டியிருப்பார்கள்! அது சட்டப்படி சரி, லாரிப் பக்கத்தில் அசையாமல் இருக்கும் படம் தப்பு என்றால் சிரிப்பு வராதா?

1949 ஜனவரி 31 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை, நகரமே வென்றது. தீர்ப்பை எழுதியவர் வில்லியம் டக்ளஸ். சொந்தச் சரக்கை விளம்பரம் செய்யும் வண்டியால் அதே அளவு போக்குவரத்துத் தொல்லை வராது என்று உள்ளூர் அதிகாரிகள் அனுபவத்தில் நினைத்திருக்கலாம், அதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்றார். ஒரு தொல்லையை ஒழிக்க விதி போட்டால் அதே வகையிலான எல்லாத் தொல்லையையும் ஒரே வீச்சில் ஒழித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை என்றும் சொன்னார். படித்தபோது எனக்கு இது பதிலாகவே படவில்லை. கேள்வியைத் தாண்டிக் குதித்த மாதிரி இருந்தது.

பதில் சொன்னவர் ராபர்ட் ஜாக்சன். நூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் மீதான வழக்கை அமெரிக்காவின் சார்பில் தலைமை ஏற்று நடத்திவிட்டு வந்தவர், லாரி ஸ்டிக்கருக்கும் அதே சிரத்தையோடு உட்கார்ந்து எழுதினார். முடிவில் உடன்பாடு, காரணத்தில் தனி வழி. ஆட்சி சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து விதி போடுவதுதான் ஆபத்து, எல்லோர் தலையிலும் சுமத்த வேண்டியிருந்தால் எந்த அதிகாரியும் விதி போடுமுன் யோசிப்பான் என்று முதலில் அரசாங்கத்துக்கே ஒரு குட்டு வைக்கிறார். பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார்: ஒரு காரியத்தைத் தனக்காகச் செய்வதும் கூலி வாங்கிக்கொண்டு பிறருக்காகச் செய்வதும் ஒன்றல்ல, சட்டம் இரண்டையும் தனித்தனியே நடத்தலாம்.

யோசித்துப் பார்த்தால் நம் தெருவிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் தன் பெயரை எழுத வேண்டுமென்றால் எத்தனை வண்டியில் எழுதுவார்? சரக்குக்கு எத்தனை வேண்டுமோ அத்தனையில். ஒன்றோ இரண்டோ. பக்கவாட்டுக்கு வாடகை கிடைக்கும் என்று ஆகிவிட்டால் கணக்கே மாறிவிடும். ஓடாத வண்டியையும் ஓட்டத் தோன்றும், அதுவும் கூட்டம் அதிகமுள்ள தெருவாகப் பார்த்து, மெதுவாக. கடைசியில் சரக்கே இல்லாத வண்டி வரும். தேர்தல் நேரத்திலும் நகைக்கடைத் திறப்பு விழாவிலும் நாம் பார்க்காததா?

இந்தப் பிரச்சினை லாரியோடு வந்ததும் இல்லை. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் கோச் வண்டிகள் ஓட்டிய கம்பெனி, வெளிப்பக்கத்தில் விளம்பரம் மாட்டிக்கொள்ள உரிமை கேட்டு இதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்து 1911-லேயே தோற்றிருந்தது. நகரத்தின் விதி இன்று வேறு எண்ணில், ஏறக்குறைய அதே வாசகத்தோடு இருக்கிறது. தொழில் வண்டியில் அந்தத் தொழிலின் அறிவிப்பைப் போடலாம், ஆனால் விளக்கு எரியக் கூடாது, மின்னக் கூடாது, அசையக் கூடாது. டாக்சிகளுக்கு மட்டும் விலக்கு, அதுவும் டாக்சி ஆணையத்தின் விதிப்படிதான். வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரில் ஒரு வண்டி வணிக வண்டி என்று கணக்கில் வர வேண்டுமானால் பதிவுதாரரின் பெயரும் முகவரியும் இரண்டு பக்கமும் குறைந்தது 3 அங்குல எழுத்தில் நிரந்தரமாக இருந்தாக வேண்டும். தன் பெயரைப் போடாவிட்டால் தப்பு, அடுத்தவர் பெயரைக் காசுக்குப் போட்டாலும் தப்பு.

இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதுவே அளவுகோல். 2007-இல் வந்த விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஓடுவதற்காக உள்ள வண்டியில் இருக்கும் விளம்பரத்துக்கு உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை. வண்டியை முக்கியமாக விளம்பரத்துக்கே பயன்படுத்தினால் அந்தச் சலுகை போய்விடும். நெடுஞ்சாலை ஓரத்து வயலில் பலகை மாட்டிய டிரெய்லரை மாதக்கணக்கில் நிறுத்திவைத்துவிட்டு, இதுவும் வண்டிதானே, சக்கரம் இருக்கிறதே என்று வாதாட முடியாது.

நமக்குப் பக்கத்தில் கேரளத்தில் இது பெரிய வழக்காகவே ஆனது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் ஒரு சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. அதற்குப் பின் சுற்றுலாப் பேருந்துகளின் கண்ணைப் பறிக்கும் விளக்குகளையும் படங்களையும் உயர் நீதிமன்றம் கடுமையாகப் பிடித்தது. பிடித்த பிடியில் கேள்வி அரசுப் பேருந்துகள் பக்கமும் திரும்பியது: தனியாருக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயமா? போக்குவரத்துக் கழகப் பேருந்துகளின் விளம்பரத்துக்கும் தடை விழுந்தது. சம்பளம் போடவே திண்டாடும் கழகத்துக்கு விளம்பரம் முக்கியமான வரும்படி. உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. 2023 ஜனவரியில் அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது.

ஜாக்சன் பயந்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கவனம் கலைகிறது என்பது காரணமானால் அளவு, வெளிச்சம், அசைவு, கண்ணாடியை மறைக்கிறதா என்பதை எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும், அரசு வண்டி உட்பட. வாடகை வாங்குவது காரணமானால் அதைத் தனியாகச் சொல்லிக் கட்டணம் வைக்கலாம். இரண்டையும் ஒரே விதியில் குழைத்துவிட்டு ஆய்வாளர் முடிவுக்கு விடும்போதுதான் ஓட்டுநருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் குட்டியானையை நியூயார்க் விதியில் நிறுத்திப் பார்த்தேன். வார நாளில் தப்பிக்கும். ஏற்றிப் போகும் சரக்கின் படம்தானே அது. ஞாயிற்றுக்கிழமை கட்டில் ஏறும்போதுதான் சிக்கல். ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிடட்டுமா என்று கேட்டார்.

ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி 1975-இல் திவாலாகி மூடப்பட்டது. அதைத் தோற்கடித்த விதி நியூயார்க்கில் இன்றும் அமலில் இருக்கிறது.